டோன்ஆர்மை எப்போது மாற்றலாம்? இசைத்தட்டு கேட்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு விளக்கம்

டர்ன்டேபிள் வாங்கிச் சில மாதம் கேட்ட பிறகு, இன்னும் நன்றாகக் கேட்க என்ன மாற்றலாம் என்ற கேள்வி வரும். பெரும்பாலானோர் முதலில் கார்ட்ரிட்ஜை மாற்றுவார்கள். ஊசி அதில்தான் இருக்கிறது, சமிக்ஞை பிறப்பதும் அதில்தான். அதைத் தாங்கிப் பிடிக்கும் டோன்ஆர்மைப் பற்றி யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பார்வைக்கு அது ஒரு குழாய், நடுவில் பேரிங், பின்னால் ஒரு எடை, அவ்வளவுதான். ஆனால் நல்ல கார்ட்ரிட்ஜை மாட்டிய பிறகும் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’ சீறுகிறது, கீழ்ஸ்தாயி ஒலிகள் குழம்புகின்றன என்றால், தேட வேண்டிய இடம் அந்தக் குழாயும் பேரிங்கும் அவற்றைப் பொருத்திய விதமும்தான்.

ஆர்ம் எதையும் கூட்டித் தராது. பள்ளத்தில் இருப்பதைக் கார்ட்ரிட்ஜ் படிக்கும்போது குறுக்கே வராமல் இருப்பதுதான் அதன் வேலை. நல்ல ஆர்ம் என்றால் குறைவாகக் கெடுக்கும் ஆர்ம். இதைப் புரிந்துகொண்டால் எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம் என்பது தானாகவே தெளிவாகும்.

ஆர்மின் வேலை

எல்பி தட்டின் பள்ளம் மேல்பக்கத்தில் சுமார் 50 மைக்ரான் அகலம் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. அதன் இரண்டு சுவர்களிலும் உள்ள நெளிவுகள்தான் இசை. மெல்லிய ஒலிகளின் நெளிவு ஒரு மைக்ரானுக்கும் கீழே போய்விடும். ஊசி அந்த நெளிவுகளோடு ஆடுகிறது. கார்ட்ரிட்ஜ் அளப்பது ஊசிக்கும் தன் உடலுக்கும் இடையிலான அசைவைத்தான். ஊசி ஆடும்போது உடலும் சேர்ந்து ஆடினால், அந்த அளவுக்கு இசை கழிந்துபோகும். ஊசி சும்மா இருக்கும்போது உடல் மட்டும் ஆடினால், தட்டில் இல்லாத ஒன்று ஒலியாக வந்துவிடும். யார் அசைந்தது என்று காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் தெரியாது.

ஆகவே கார்ட்ரிட்ஜின் உடல் அசையக்கூடாது. ஆனால் அசைந்தும் ஆக வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டில், இருபது நிமிடத்தில் ஊசி எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் உள்நோக்கி நகர வேண்டும். தட்டு நெளிந்திருந்தால் ஆர்ம் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். நடுத்துளை சரியாக மையத்தில் இல்லாத தட்டுகளில் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் போய்வர வேண்டும். மெதுவான அசைவுக்கு முழுச் சுதந்திரம், வேகமான அசைவுக்கு முழுத் தடை. இரண்டையும் ஒரே பொருளிடம் கேட்கிறோம். டோன்ஆர்ம் வடிவமைப்பு முழுவதும் இந்த இழுபறிதான்.

இழுபறி முதலில் தெரியும் இடம் பேரிங். இறுக்கமாக இருந்தால் ஊசி பள்ளத்தின் ஒரு சுவர்மேல் சாயும். தளர்வாக இருந்தால் மைக்ரான் கணக்கில் நடக்கும் வேலையில் ஆர்மே கடகடவென ஆடும். உங்கள் ஆர்மை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஊசிக்கு உறையைப் போட்டு, ஆன்டி-ஸ்கேட்டிங்கை (ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) பூஜ்யத்தில் வைத்து, பின் எடையை நகர்த்தி ஆர்ம் காற்றில் மிதக்கும்படி சமன் செய்யுங்கள். லேசாக ஊதினால் எங்கும் தடுக்காமல் நகர்ந்து, மெதுவாக நிற்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தயங்கி நின்றால் பேரிங்கில் உராய்வு இருக்கிறது, அல்லது உள்ளே போகும் ஒயர் இழுக்கிறது. அடுத்து, ஹெட்ஷெல்லை, அதாவது கார்ட்ரிட்ஜை மாட்டும் முன்முனையை, இரண்டு விரலால் பிடித்து, குழாயின் நீளவாக்கில் முன்னும் பின்னும் மிக மெதுவாகத் தள்ளி இழுங்கள். விரல் நுனியில் ‘டிக்’ என்று ஒரு சிறு தட்டல் உணர்ந்தால் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தக் கார்ட்ரிட்ஜ் மாட்டினாலும் முழுப் பலன் கிடைக்காது. மெக்கானிக் கைபட்டால் சரியாகும் ஆர்ம்கள் உண்டு. ஆனால் அனுபவம் இல்லாமல் பேரிங் திருகைத் தொட வேண்டாம். அரைக்கால் சுற்று அதிகமாக முறுக்கினாலே பந்துகள் தடத்தில் குழி பதித்துவிடும்.

எடையும் நெகிழ்வும்

புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. மிக அதிகப் பலன் தரும் இடமும் இதுதான்.

ஊசி ஒரு மெல்லிய ரப்பர் தாங்கலில் தொங்குகிறது. அந்தத் தாங்கல் எவ்வளவு இளகியது என்பதைச் சொல்லும் எண்ணுக்குக் கம்ப்ளையன்ஸ் என்று பெயர். எண் பெரிதானால் இளக்கம் அதிகம். இளகிய தாங்கல் ஒன்றின் மேல் ஒரு எடை உட்கார்ந்தால், அதற்கென்று ஓர் இயற்கை அதிர்வெண் உண்டு. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளிவிட்டால் சிறு விசையிலேயே உயரப் போவது போல, அந்த அதிர்வெண்ணில் லேசாகத் தட்டினாலே ஆர்ம் முழுவதும் பெரிதாக ஆடும். இதுதான் ஒத்ததிர்வு. இதை ஒழிக்க முடியாது, பாதிப்பில்லாத இடத்துக்குத் தள்ளி வைக்கத்தான் முடியும்.

பாதிப்பில்லாத இடம் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை. தட்டின் நெளிவுகள் பெரும்பாலும் ஐந்தாறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். இசை 20 ஹெர்ட்ஸுக்கு மேலே தொடங்கும். இடையில் இருக்கும் இந்த ஒடுக்கமான சந்தில் ஒத்ததிர்வு விழுந்தால் இரண்டு பக்கமும் தொந்தரவில்லை. கீழே போனால் நெளிந்த தட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் வூஃபர் கோன் சத்தமே இல்லாமல் உள்ளும் வெளியும் போய்வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆம்ப்ளிஃபயரின் சக்தி அதில் வீணாகும். சில நேரம் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளும். மேலே போனால் கீழ்ஸ்தாயி வீங்கி, மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிட்டாரும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும்.

கணக்கு எளிதானது. ஆர்மின் செயல்நிறை (ஊசி முனையில் உணரும் கனம், கீழே விளக்குகிறேன்), கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். வருவது ஹெர்ட்ஸ்.

ரீகா ஆர்பி300 ஆர்மின் செயல்நிறை சுமார் 11 கிராம். அதில் ஆர்டோஃபான் 2எம் ரெட் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் எடை 7.2 கிராம், கம்ப்ளையன்ஸ் 20. திருகோடு சேர்த்து மொத்தம் 19 கிராம். பெருக்கினால் 380, வர்க்கமூலம் சுமார் 19.5, விடை 8.2 ஹெர்ட்ஸ். சந்துக்குள் இருக்கிறது, நல்ல ஜோடி.

இப்போது டெனான் டிஎல்-103. ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக 1960-களில் உருவாகி, இன்றும் விற்பனையில் இருக்கும் கார்ட்ரிட்ஜ். எடை 8.5 கிராம், கம்ப்ளையன்ஸ் 5. அப்படியே கணக்குப் போட்டால் அதே ஆர்மில் 15 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும். ‘ஒத்துவராது’ என்று பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள். ஆனால் ஜப்பானிய நிறுவனங்கள் பல கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து தருகின்றன. நமக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. அது பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கும். 9 என்று எடுத்துக்கொண்டால் விடை 12 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே இறங்கும். ஓரத்தில்தான் நிற்கிறது, ஆனாலும் ஓடும். கனமான ஆர்மில் இன்னும் நன்றாகப் பாடும். இதே கார்ட்ரிட்ஜை 5 கிராம் செயல்நிறை கொண்ட எஸ்எம்இ 3009 சீரிஸ் 3 ஆர்மில் மாட்டினால் 14 ஹெர்ட்ஸ் பக்கம் போய்விடும். எஸ்எம்இ மோசமான ஆர்ம் என்று இதற்குப் பொருளில்லை. மிக இளகிய கார்ட்ரிட்ஜ்கள் புழங்கிய 1970-களின் தேவைக்குப் பிறந்தது அது. அந்தக் கார்ட்ரிட்ஜ்களோடு சேர்த்தால் இன்றும் அருமையாக ஓடும்.

செயல்நிறை என்பது ஆர்மைத் தராசில் வைத்தால் வரும் எடை இல்லை. ஊசி முனையில் நின்று பார்த்தால் அசைக்க எவ்வளவு கனமாகத் தெரிகிறதோ அந்த அளவு. தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து இது மாறும். ஹெட்ஷெல்லில் ஒரு கிராம் கூட்டினால் முழு ஒரு கிராமும் கணக்கில் சேரும். பேரிங்குக்குப் பக்கத்தில் கூட்டும் எடை ஏறக்குறைய சேராது.

பின் எடையை மாற்றி விற்கும் கடைகள் சொல்லும் வாக்குறுதியை இதை வைத்தே எடைபோடலாம். 237 மி.மீ. நீளமுள்ள ஆர்மில் 100 கிராம் எடை பேரிங்கிலிருந்து 30 மி.மீ. பின்னால் இருந்தால், அது செயல்நிறையில் சேர்ப்பது 1.6 கிராம். அதற்குப் பதில் 130 கிராம் எடையை 23 மி.மீ. தூரத்தில் வைத்தாலும் அதே சமநிலை கிடைக்கும், சேர்வது 1.2 கிராம். வித்தியாசம் 0.4 கிராம்தான். எஃகுத் திருகுகளை எடுத்துவிட்டு அலுமினியத் திருகு போட்டாலே இந்த அளவு மாற்றம் வந்துவிடும். கனமான பின் எடைக்கு வேறு பயன் உண்டு. தாழத் தொங்கும்படி செய்த எடை, ஈர்ப்பு மையத்தைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுவரும். அதனால் ஆர்ம் நெளிவில் ஏறி இறங்கும்போது ஊசி அழுத்தம் அதிகம் மாறாது. அந்தக் காரணத்துக்காக வாங்கினால் நியாயமான செலவு.

வளைந்து போகும் பாதை

மாஸ்டர் தட்டைச் செதுக்கும் தலை ஆரத்தின் வழியே நேர்கோட்டில் நகர்கிறது. நம் ஆர்ம் ஒரு முனையில் பொருத்தப்பட்டிருப்பதால் வில் போல வளைந்து வருகிறது. ஆகவே செதுக்கிய கோணத்துக்கும் படிக்கும் கோணத்துக்கும் இடையே எப்போதும் சிறு பிழை உண்டு. இதைக் குறைக்கத்தான் ஹெட்ஷெல்லை 23 டிகிரி அளவுக்கு உள்ளே திருப்பியும், ஊசியைத் தட்டின் மையத்தைத் தாண்டிப் பதினைந்து மில்லிமீட்டர் போல நீட்டியும் வைக்கிறார்கள். 1924-லேயே பெர்சி வில்சன் இதைப் பற்றி எழுதினார். 1938-இல் எரிக் லோஃப்கிரென் கணிதத்தை முழுமையாக்கினார். அவர் தந்த தீர்வின்படி எல்பியில் இரண்டே இடங்களில், மையத்திலிருந்து 66 மற்றும் 120.9 மி.மீ. தூரத்தில், பிழை பூஜ்யமாகும். மற்ற இடங்களில் இரண்டு டிகிரி வரை போகும்.

இரண்டு டிகிரி என்பது சின்ன எண்தான். ஆனால் உட்பக்கத்தில் அது பெரிதாகிவிடும். எல்பியின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்கு 51 செ.மீ., உள் ஓரத்தில் 21 செ.மீ. அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ச’ சீறுவது இதனால்தான். கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே அது காதில் தெரியும். ஆகவே ஆர்மைக் குறை சொல்வதற்கு முன் கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் ப்ரொட்ராக்டர் அட்டை ஒன்றை வைத்து இரண்டு புள்ளிகளிலும் சரிபாருங்கள். பல வீடுகளில் ‘ஆர்ம் சரியில்லை’ என்ற புகார் இதோடு முடிந்துவிடும்.

நம் பழைய சினிமாப் பாட்டுகள் ஏழங்குல இ.பி. தட்டுகளில் ஏராளமாக வந்தவை. அவற்றின் பள்ளங்கள் எல்பியைவிட உள்ளே, ஐம்பத்தைந்து மி.மீ. பக்கம் வரை போகும். அவற்றை அதிகம் கேட்பவர்களுக்கு, உட்புறப் பூஜ்யப் புள்ளியை 60.3 மி.மீட்டரில் வைக்கும் ஸ்டீவன்சன் முறை நல்லது.

பன்னிரண்டு அங்குல ஆர்மில் இந்தப் பிழை ஒன்றரை டிகிரிக்கு இறங்கும். ஆனால் செயல்நிறை ஏறும், குழாயும் வளைந்துகொடுக்கும். செதுக்கும் தலையைப் போலவே நேர்கோட்டில் நகரும் ஆர்ம்களும் உண்டு. 1972-இல் வந்த பாங் & ஓலஃப்சென் பியோகிராம் 4000 அதில் புகழ்பெற்றது. அழகான யோசனை, ஆனால் பராமரிப்பு அதிகம். முதல் மாற்றத்துக்கு இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

ஆர்பி300 காட்டிய வழி

ரீகா 1973-இல் இங்கிலாந்தில் டோனி ரெல்ஃபும் ராய் கேண்டியும் தொடங்கிய நிறுவனம். ஆரம்பத்தில் ஜப்பானில் செய்த ஆர்ம்களையே தன் டர்ன்டேபிள்களில் போட்டது. 1983-இல் சொந்தமாக ஆர்பி300-ஐக் கொண்டுவந்தது. ஹெட்ஷெல் முதல் பேரிங் வரை ஒரே அலுமினிய வார்ப்பு. இணைப்பே இல்லாததால் ஆட்டத்துக்கும் இடமில்லை. குழாய் பின்பக்கம் தடித்து, முன்பக்கம் மெலிந்து வருவதால் எந்த ஓர் அதிர்வெண்ணிலும் பெரிதாக ஒலிக்காது. அதற்கு முன் இந்த இறுக்கம் வேண்டுமென்றால் பல மடங்கு விலை கொடுக்க வேண்டும். வேறு டர்ன்டேபிள் நிறுவனங்களும் இந்த ஆர்மைத் தங்கள் மேடைகளில் பொருத்தின.

பின்னர் வந்த ஆர்பி250 அதன் மலிவுப் பதிப்பு. வார்ப்பு அதே குடும்பம், ஆனால் பின் எடை ஏறும் கட்டை பிளாஸ்டிக். ஆர்பி300-இல் ஊசி அழுத்தத்தை ஒரு ஸ்பிரிங் தருகிறது, 250-இல் பின் எடையை நகர்த்தியே தர வேண்டும். பிளாஸ்டிக் கட்டையை எடுத்துவிட்டு உலோகக் கட்டை, தாழத் தொங்கும் எடை, புதிய ஒயர் என்று மாற்றுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. பழைய ஆர்பி250 கையில் இருப்பவர்கள் முதலில் கட்டையையும் எடையையும் மாற்றலாம். வார்ப்பும் பேரிங்கும் தரமாக இருக்கும்போது இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

ஒயரைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் கிடையாது. உள்ளே இருக்கும் ஒயர் பேரிங்கின் அசைவைத் தடுக்காத அளவுக்கு மெல்லியதாக, முறியாமல், இரைச்சலை உள்ளே விடாமல் இருந்தால் போதும். எம்சி (காந்தத்துக்குப் பதில் சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் தருவது அரை மில்லிவோல்ட் அளவோ அதற்கும் குறைவோ என்பதால் எர்த் இணைப்பில் குறை இருந்தால் ‘ம்ம்ம்’ என்ற முனகல் உடனே தெரியும். ரீகாவில் தனி எர்த் ஒயர் வராது, ஒரு சேனலின் திரும்பு ஒயரோடு சேர்ந்தே போகும். முனகல் இருந்தால் ஒயரை மாற்றுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை நல்ல ஊசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்மின் உயரத்தைப் பற்றியும் தேவைக்கு மேல் கவலை இருக்கிறது. 237 மி.மீ. ஆர்மில் பின்பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் ஊசியின் சாய்வு மாறுவது கால் டிகிரிக்கும் சற்றுக் குறைவு. தட்டுக்குத் தட்டு உயரத்தை மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. குழாயின் சாய்வு இல்லாமல், தட்டுக்கு இணையாக இருக்கும்படி ஒரு முறை வைத்தால் சரி. ரீகாவில் உயரம் மாற்றும் திருகு கிடையாது, கார்ட்ரிட்ஜ் உயரமாக இருந்தால் ஆர்மின் அடியில் 2 மி.மீ. ஸ்பேசர் வைப்பார்கள்.

எப்போது மாற்றலாம்

மேலே சொன்ன சோதனையில் பேரிங்கில் ஆட்டம் இருந்து, சரிசெய்ய வழியும் இல்லையென்றால் மாற்றுங்கள். உங்களுக்குப் பிடித்த கார்ட்ரிட்ஜோடு கணக்கு எந்த வகையிலும் ஒத்துவரவில்லை என்றால் மாற்றுங்கள். மோட்டாரும் மேடையும் நன்றாக இருந்து, ஆர்ம் மட்டும் மெலிந்த தகட்டுக் குழாய் என்றாலும் மாற்றலாம். ஆனால் ஊசி அழுத்தத்தைக்கூடத் திருத்த முடியாத தொடக்கநிலை பிளாஸ்டிக் டர்ன்டேபிளில் தனி ஆர்ம் பொருத்த முயல வேண்டாம். அதை விற்றுவிட்டு நல்ல ஆர்மோடு வரும் பழைய டர்ன்டேபிள் ஒன்றைத் தேடுவது எல்லா வகையிலும் மேல்.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது, பேரிங் சரியாக இருந்தால் ஆர்மை விட்டுவிடுங்கள் என்பதுதான். உயரத்தை 6 மி.மீ. வரை மாற்றலாம், ஹெட்ஷெல்லைக் கழற்றி மாட்டலாம். கனமான ஹெட்ஷெல் போட்டால் விறைப்பான கார்ட்ரிட்ஜுக்கும், லேசானது போட்டால் இளகிய கார்ட்ரிட்ஜுக்கும் ஒத்துப்போகும். கூடவே வரும் அளவுகோலில் ஊசி முனை, ஹெட்ஷெல்லின் ரப்பர் வளையத்திலிருந்து 52 மி.மீ. தூரத்தில் இருக்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவெடுத்தால், முதலில் அளக்க வேண்டியது தட்டின் மையக் கம்பிக்கும் ஆர்மின் சுழல் மையத்துக்கும் உள்ள தூரம். ரீகாவுக்கு 222 மி.மீ., லின் நிறுவனத்தின் டர்ன்டேபிளுக்கு 211 மி.மீ. துளையின் அளவும் வேறு. மேடையில் அதற்கேற்ற ஆர்ம்போர்டு (ஆர்மைப் பொருத்தும் பலகை) கிடைக்குமா என்று பார்க்காமல் ஆர்மை வாங்க வேண்டாம். ஸ்பிரிங்கில் மிதக்கும் மேடை என்றால் புதிய ஆர்மின் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்குகளைத் திரும்பச் சமன் செய்ய வேண்டும். எஸ்எம்இ 2019 இறுதியில் ஆர்ம்களைத் தனியாக விற்பதை நிறுத்தியது, அதன் பழைய ஆர்ம்களைப் பழைய பொருள் சந்தையில் தேடலாம். பழையது வாங்கும்போது விற்பவரிடம் ஊதிப் பார்க்கும் சோதனையையும் விரல் சோதனையையும் செய்து காட்டச் சொல்லுங்கள், அல்லது அதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் பளபளப்பாக இருப்பதை வைத்து பேரிங்கைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பொருத்தும் நாளில் ப்ரொட்ராக்டரும், நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் ஊசித் தராசும், நீர்மட்டமும் கையில் இருக்கட்டும். அழுத்தத்தைத் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள்ளேயே வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்று நினைத்து எல்லைக்குக் கீழே போகக்கூடாது, ஊசி துள்ளித் துள்ளி மோதி பள்ளச் சுவரை அதிகமாகக் கெடுத்துவிடும். கார்ட்ரிட்ஜின் பின்னால் வரும் நான்கு ஒயர்களில் சிவப்பும் பச்சையும் வலது சேனல், வெள்ளையும் நீலமும் இடது. கிளிப்பைச் சின்ன இடுக்கியால் பிடித்து நேராகத் தள்ளுங்கள், ஒயரைப் பிடித்துத் தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். கிளிப் அறுந்துவிட்டால் சால்டர் செய்யும் முன் அதைக் கார்ட்ரிட்ஜின் பின்னிலிருந்து கழற்றிவிடுங்கள். பின்னில் மாட்டியபடியே சூடு வைத்தால் உள்ளே இருக்கும் முடி போன்ற சுருள்கம்பி உருகி அறுந்துவிடும், அதற்குப் பிறகு அந்தக் கார்ட்ரிட்ஜைப் பிழைக்க வைப்பது கஷ்டம்.